ஈசினோஃபில் எண்ணும் குழந்தையின் இளைப்பும்

இளைப்பு நோயுள்ள குழந்தையை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்துவரும் பெற்றோரில் பலர், குழந்தையின் துன்பத்தைச் சொல்லத் தொடங்குமுன்பே ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமீது வைக்கின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகளாக வெவ்வேறு ஆய்வகங்களில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள் அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரே வரி பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். அது ஈசினோஃபில் என்ற வரி. “போன வருசம் பதினொண்ணு இருந்துச்சு சார், இப்ப ஒன்பதுக்கு வந்துட்டு” என்று தாய் ஆறுதலோடு கூறுவார். அந்தக் குழந்தை இரவில் எத்தனை முறை இருமி எழுகிறது, விளையாட்டு வகுப்பில் ஓடுகிறதா, சென்ற பருவத்தில் எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை என்பனவற்றை நாங்கள் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணைப் பற்றியும், அதனுடன் சேர்த்துச் செய்யப்படும் வேறு சில இரத்தப் பரிசோதனைகளைப் பற்றியும் இங்கு விளக்க விரும்புகிறோம். இரத்தத்தில் உள்ள எண்ணைக் குறைப்பதே சிகிச்சை என்று நம்பி, மூச்சுக்குழலுக்குத் தேவையான மருந்தை மாதக்கணக்கில் பெறாமலிருக்கும் குழந்தைகளை இன்றும் காண்கிறோம். அவர்களுள் சிலர் நள்ளிரவில் உதடு நீலம் பாரித்த நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுகின்றனர்.

தமிழ்நாட்டில் ‘ஈஸ்னோபீலியா’ ஒரு வீட்டுச் சொல். ஆஸ்துமா என்று நாங்கள் சொன்னால் முகம் வாடும் குடும்பத்தார், ஈஸ்னோபீலியா என்றால் அமைதியடைகின்றனர். பெண் குழந்தையாயின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது; ‘ஆஸ்துமா’ என்ற சொல் சீட்டில் எழுதப்படுவதையே சிலர் விரும்புவதில்லை. ஆனால் ஈசினோபீலியா என்பது ஒரு நோயின் பெயரன்று. இரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணு மிகுந்திருக்கிறது என்ற செய்தி மட்டுமே அது. காய்ச்சல் என்ற சொல் எந்த நோயால் காய்கிறது என்று கூறாததுபோல, இச்சொல்லும் எதனால் மிகுந்தது என்று கூறாது.

மூச்சுக்குழலில் நடப்பது

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, வலிக்கிறது. இதனை அழற்சி என்கிறோம். ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழல்களில் இத்தகைய அழற்சி நெடுநாள் நிலைத்திருக்கிறது. உட்சுவர் வீங்கியிருக்கும், சளி மிகுதியாகச் சுரக்கும், சுற்றியுள்ள மெல்லிய தசைகள் சிறு தூண்டுதலுக்கும் இறுகிக்கொள்ளும். தூசியோ, கொசுவர்த்திப் புகையோ, சாதாரணச் சளிக்காய்ச்சலோ அந்தத் தூண்டுதலாக அமையலாம். நம் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் புழுதியை அள்ளிக்கொண்டு வீசும் மேல்காற்றும், ஐப்பசி மழையோடு பரவும் வைரஸ் கிருமிகளும் இவ்வகையில் எங்களுக்கு ஆண்டுதோறும் வேலை கொடுப்பவை. கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் மெத்தை, தலையணைகளில் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சிகளும் செழித்து வளர்கின்றன.

இந்த அழற்சியில் பங்கேற்கும் அணுக்களுள் ஒன்று ஈசினோஃபில். 1879ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இரத்த அணுக்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஈசின் என்னும் சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்ற ஓர் அணுவைக் கண்டு இப்பெயரை இட்டார். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சில மணி நேரமே இரத்தத்தில் உலவி, பின்னர் திசுக்களுக்குள் சென்று தங்குவது அதன் இயல்பு. எனவே இரத்தம் அதற்கு இருப்பிடமன்று, வழி. துறைமுகச் சாலையில் ஓடும் லாரிகளை எண்ணினால் துறைமுகத்தில் வேலை நடக்கிறது என்பது தெரியும். எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியாது. இரத்தத்தில் ஈசினோஃபிலை எண்ணுவதும் ஏறக்குறைய அத்தகையதே.

புழுக்களை எதிர்ப்பது இவ்வணுவின் பழைய பணிகளுள் ஒன்று. உடலுக்குள் நுழைந்த புழுவை இவை கூட்டமாகச் சூழ்ந்து, தம்முள் இருக்கும் நச்சுப் புரதங்களை அதன்மேல் வெளியிடுகின்றன. நம் கடலோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1900களின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகிய இருவரும், சிப்பிக்குள் புகுந்த நாடாப்புழுவின் இளம் உருவைச் சுற்றியே நல்முத்து விளைகிறது என்று எழுதினர். பிற்கால ஆய்வாளர்கள் அக்கருத்தை அவ்வாறே ஏற்கவில்லை. ஆயினும் புகுந்த பொருளைச் சூழ்ந்து அடைக்கும் தற்காப்பு, சிப்பிக்கும் மனிதனுக்கும் பொதுவானது. ஆஸ்துமாவில் புழு இல்லாமலேயே இந்தத் தற்காப்பு தொடங்கிவிடுகிறது. ஈசினோஃபில்கள் வெளியிடும் அதே புரதங்கள் குழந்தையின் சொந்த மூச்சுக்குழல் சுவரையே புண்படுத்துகின்றன.

இச்சொல் நம் வீடுகளுக்குள் வந்த வரலாறு

எங்கும் இல்லாத அளவுக்கு நம் நாட்டில் இச்சொல் ஏன் பரவியது என்பதற்கு ஓர் உண்மையான காரணம் உண்டு. 1940இல் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள், காசநோயைப் போலவே தோன்றினும் காசநோய் அல்லாத ஒரு நுரையீரல் நோயை விவரித்தனர். இருமல், இளைப்பு, உடல் மெலிவு, மார்பு எக்ஸ்ரேயில் புள்ளிகள் ஆகியவற்றோடு இரத்தத்தில் ஈசினோஃபில்கள் மிக மிகுதியாக இருந்தன. 1943இல் வெயின்கார்ட்டன் என்பவர் இந்தியாவில் தாம் கண்ட இத்தகைய நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதி, ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். பாலியல் நோய்க்காக ஆர்சனிக் மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு இளைப்பும் தற்செயலாக நின்றுபோனதைக் கண்டு, அதனையே சிகிச்சையாக அவர் பரிந்துரைத்தார். அக்காலத்தில் வேறு வழியும் இல்லை.

காரணம் பின்னரே தெரிந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் நுண்குஞ்சுகளுக்கு எதிராகச் சிலரது உடல் மிகையாக வினைபுரிகிறது. அந்த நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி அழிகையில் இந்த நோய் எழுகிறது. சிங்கப்பூரில் பணியாற்றிய தம்பு ஜான் தனராஜ், பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கியவர். டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தால் இந்நோய் தணிவதை 1958இல் விளக்கி எழுதினார். அம்மருந்து பிறந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையேற்றிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில். ‘ஹெட்ராசான்’ என்ற பெயரில் அதனை நம் தாத்தா பாட்டிமார் அறிந்திருப்பர்.

ஆக, இரவில் இருமலும் இளைப்பும், இரத்தத்தில் ஈசினோஃபில் மிகுதி, மூன்று வார மாத்திரை, குணம் என்ற ஒரு கதை உண்மையாகவே இங்கு நிகழ்ந்தது. பிழை நேர்ந்தது அந்தக் கதையை எல்லா இளைப்புக்கும் பொருத்தியதில்தான். அந்த நோயில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 3,000க்கு மேல் ஈசினோஃபில்கள் காணப்படும். சிலரிடம் இதைவிடப் பன்மடங்கு. ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் நாங்கள் காண்பதோ பெரும்பாலும் 400 முதல் 1,000 வரையிலான எண்கள். கொசு ஒழிப்பாலும், ஃபைலேரியா உள்ள மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கிய திட்டத்தாலும் அந்த நோய் அரிதாகிவிட்டது. அதன் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 700 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் ஃபைலேரியா மாத்திரை விழுங்கும் குழந்தைக்கு அம்மாத்திரையால் ஆஸ்துமா தணியப்போவதில்லை.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1980களில் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஒரு பயனுள்ள பணியைச் செய்தது. வெப்பமண்டல ஈசினோபீலியா நோயாளிகளின் நுரையீரலுக்குள் குழாய் வழியாக உப்புநீர் செலுத்தி, அதைத் திரும்ப எடுத்து, அதிலிருந்த அணுக்களை எண்ணினர். நுரையீரலுக்குள் ஈசினோஃபில்கள் பெருந்திரளாக இருந்தன. மருந்து கொடுத்தபின் விரைவாகக் குறைந்தன. ஆனால் முறையான சிகிச்சை முடிந்து நெடுநாள் சென்ற பின்னரும் சிலரது நுரையீரலில் அழற்சி சிறிதளவு எஞ்சியிருந்தது. தலைப்பு வேறொரு நோயானாலும், இரத்தத்தாளில் தெரியும் அமைதி நுரையீரலின் அமைதி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

தாளில் உள்ள எண்ணை எவ்வாறு படிப்பது

ஆய்வகத் தாளில் ஈசினோஃபில் பெரும்பாலும் சதவீதமாக அச்சிடப்படுகிறது. சதவீதம் தனியே நின்றால் ஏமாற்றும். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை அதனோடு பெருக்கினால்தான் உண்மையான எண் கிடைக்கும். முன்னர்க் குறிப்பிட்ட தாயின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு மொத்த வெள்ளணு 7,000, ஈசினோஃபில் 11 சதவீதம் எனில், உண்மை எண் 770. இவ்வாண்டு மொத்தம் 10,000, ஈசினோஃபில் 9 சதவீதம் எனில், உண்மை எண் 900. தாய் நிம்மதியடைந்த எண் உண்மையில் கூடியிருக்கிறது! இதனாலேயே ‘முழு ஈசினோஃபில் எண்ணிக்கை’ என்ற தனிவரியைக் கேட்டு வாங்கும்படி சொல்கிறோம். பொதுவாக 500க்கு மேற்பட்டால் மிகுதி எனக் கொள்வது வழக்கம்.

770க்கும் 900க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. உடலில் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசால் அதிகாலையிலும் காலையிலும் கூடுவதால் பகலில் ஈசினோஃபில்கள் குறைந்தும் இரவில் மிகுந்தும் இருக்கும். ஒரே குழந்தையிடம் காலையில் எடுத்த இரத்தமும் மாலையில் எடுத்த இரத்தமும் ஒரே எண்ணைத் தராது. கடுமையான காய்ச்சலின்போது அவை ஏறக்குறைய மறைந்தேவிடலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ கொடுத்த சில மணி நேரத்தில் எண்ணிக்கை சரிந்துவிடும். முந்தைய இரவு மருந்தகத்தில் வாங்கிய சிரப் ஒரு வேளை கொடுத்துவிட்டுக் காலையில் இரத்தம் எடுத்தால், தாளில் ‘இயல்பு’ என்று வருவதில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஸ்டீராய்டு மருந்து ஈசினோஃபில்களைக் குறைக்கும்போதே நியூட்ரோஃபில் என்னும் மற்றொரு வகை வெள்ளணுவை இரத்தத்தில் கூட்டிவிடும். இளைப்பு முற்றி, நெபுலைசரும் ஸ்டீராய்டும் பெற்ற குழந்தைக்கு மறுநாள் மொத்த எண்ணிக்கை 16,000 என்று வரலாம். அதனைக் கண்டு ‘கிருமி ஏறிவிட்டது’ என்று ஆன்டிபயாட்டிக் கேட்கும் உறவினர் பலர். அது மருந்தின் விளைவாகவே இருக்கக்கூடும். குழந்தையின் காய்ச்சலையும், மார்பில் கேட்கும் ஒலியையும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

ஈசினோஃபில் மிகுந்திருப்பதற்கு ஆஸ்துமா அன்றியும் காரணங்கள் உண்டு: கரப்பான் என்று நாம் சொல்லும் ஒவ்வாமைத் தோல்நோய், விடாத தும்மலும் மூக்கொழுகலும், சில மருந்துகளின் ஒவ்வாமை, குடற்புழுக்கள். உருண்டைப்புழுவின் குஞ்சுகள் குடலிலிருந்து நுரையீரல் வழியாகப் பயணம் செய்யும் நாட்களில் இருமலும் ஈசினோஃபில் மிகுதியும் சேர்ந்தே தோன்றி, சில வாரங்களில் தாமாக மறைவதுண்டு. ஆகவே பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கப்படும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். அதனால் ஆஸ்துமா குணமாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மறுபுறம், எண் முற்றிலும் இயல்பாக இருந்தும் கடும் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கின்றனர். பாலர் வயதில் சளி பிடிக்கும்போது மட்டும் இளைக்கும் குழந்தைகளில் பலருக்கு ஈசினோஃபில் உயர்வதே இல்லை.

ஐ.ஜி.இ., சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்.

ஒவ்வாமைக்குரிய எதிர்ப்புரதமான ஐ.ஜி.இ. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிய இணையரான கிமிஷிகே, தெருகோ இஷிசாகா அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் ஆகியோர் சுவீடனிலும் தனித்தனியே கண்டறிந்த பொருள். இரத்தத்தில் மொத்த ஐ.ஜி.இ. 800 என்று வந்தால் பெற்றோர் கலங்கிப்போகின்றனர். தாளில் அச்சிடப்பட்ட உச்ச வரம்பு 100 அல்லது 150 என்றிருப்பதே காரணம். வயதுக்கேற்ப அவ்வரம்பு மாறும். தோல்நோய் உள்ள குழந்தையிடம் ஐ.ஜி.இ. ஆயிரக்கணக்கில் இருப்பதும் உண்டு. புழுக்களும் அதனை உயர்த்தும். இத்தனை காரணங்கள் கலந்து வாழும் நம் நாட்டில் மொத்த ஐ.ஜி.இ.யை மட்டும் வைத்து ஆஸ்துமாவைத் தீர்மானிக்க இயலாது.

தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, பூனை முடி எனத் தனித்தனியாகப் பார்க்கும் ஐ.ஜி.இ. சோதனைகள் சில வேளைகளில் உதவும். எனினும் நாற்பது, ஐம்பது பொருள்களை ஒரே நேரத்தில் சோதித்து, உணவுப் பட்டியலோடு தரப்படும் விலையுயர்ந்த தாள்களைப் பற்றி எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இரத்தத்தில் எதிர்ப்புரதம் இருப்பது ஒன்று. அப்பொருளால் குழந்தை உண்மையில் நோயுறுவது வேறொன்று. மீன் சாப்பிட்டு ஒருநாளும் துன்பப்படாத குழந்தைக்குத் தாளைப் பார்த்து மீனை நிறுத்துவதில் பொருளில்லை. இந்தக் கடற்கரையில் வளரும் பிள்ளையிடமிருந்து மீனையும், அதோடு முட்டை, பால், கடலை ஆகியவற்றையும் பறித்துவிட்டால், இளைப்பு குறையாமல் எடை மட்டுமே குறைவதைக் காண்கிறோம்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் புரதம். பாக்டீரியாவால் நிமோனியா வந்தால் அது வெகுவாக உயரும். ஆஸ்துமாவின் அழற்சி வேறு வகையைச் சார்ந்தது. ஆதலால் இளைப்பு மிகுந்த குழந்தையிடமும் சி.ஆர்.பி. இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ இருப்பதுதான் வழக்கம். ‘சி.ஆர்.பி. நெகட்டிவ், ஆகவே நெஞ்சில் ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்வது தவறு.

ஈ.எஸ்.ஆர். பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஈஸ்னோபீலியாவுக்கு இணையாகப் புழங்கும் மற்றொரு வீட்டுச் சொல் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. குழந்தைப் பருவக் காசநோயின் தொடக்க நிலையைக் குறிக்கும் சொல் அது. அடிக்கடி இருமும், எடை ஏறாத குழந்தைக்கு ஈ.எஸ்.ஆர். 40 என்று வந்தவுடன் அந்தப் பெயர் சூட்டப்பட்டு, ஆறு மாத மாத்திரை தொடங்கப்படுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். இரத்தச்சோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். உயரும், சாதாரணத் தொண்டைப் புண்ணிலும் உயரும். காசநோயை உறுதி செய்ய, வீட்டில் காசநோயாளி உண்டா என்ற விசாரணை, மான்டூ சோதனை, மார்பு எக்ஸ்ரே, சளியிலோ இரைப்பை நீரிலோ கிருமியைத் தேடும் மூலக்கூறு சோதனை ஆகியவை வேண்டும். உண்மையான காசநோயைத் தவறவிடுவது பெருந்தவறு. அதனை நாங்கள் இலேசாகக் கொள்வதில்லை. ஆனால் ஆஸ்துமாவைக் காசநோய் என்று கருதினால், குழந்தை தேவையற்ற மருந்தை உண்பதோடு தேவையான மருந்தையும் இழக்கிறது.

இவை தவிர, ஈசினோஃபில் வெளியிடும் புரதங்கள், பெரியோஸ்டின் போன்ற புதிய குறிகாட்டிகள் ஆய்வுலகில் பேசப்படுகின்றன. பெரியவர்களிடம் ஓரளவு நம்பிக்கை தந்த பெரியோஸ்டின் குழந்தைகளிடம் பயன்படவில்லை. வளரும் எலும்பும் அதனைச் சுரப்பதால், நன்கு வளரும் எல்லாக் குழந்தைகளிடமும் அது உயர்ந்தே காணப்படுகிறது.

எப்போது இந்த எண் உண்மையில் உதவுகிறது

இவ்வளவும் கூறியதால் இரத்தப் பரிசோதனையே வீண் என்று கொள்ள வேண்டாம். மூன்று இடங்களில் நாங்களே அதனைக் கேட்கிறோம்.

அடிக்கடி இளைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பிற்காலத்தில் ஆஸ்துமா நிலைக்குமா என்பது பெற்றோரின் முதற்கேள்வி. அமெரிக்காவின் டூசான் நகரில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்விலிருந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கணிப்பு முறை உருவானது. பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா, குழந்தைக்கு ஒவ்வாமைத் தோல்நோய் ஆகியவை அதில் பெரிய அடையாளங்கள். ஒவ்வாமை மூக்கொழுகல், சளி பிடிக்காதபோதும் இளைப்பு, ஈசினோஃபில் 4 சதவீதமோ அதற்கு மேலோ என்பவை சிறிய அடையாளங்கள். எண் அங்கே பல சாட்சிகளுள் ஒன்றாக வருகிறது. அக்கணிப்பில் அடையாளங்கள் குறைவாக இருந்தால் பெரும்பாலும் இளைப்பு வயதோடு நின்றுவிடும் என்று துணிந்து கூறலாம்; மிகுதியாக இருப்பினும் ஆஸ்துமா நிலைத்தே தீரும் என்று பொருளில்லை.

அடுத்து, எண் மிகவும் உயர்ந்திருக்கும் இடம். 1,500ஐத் தாண்டினால் காரணம் தேடுகிறோம். 3,000க்கு மேல் போனால் முன்னர்க் கூறிய ஃபைலேரியா நோயையும் பிற அரிய நோய்களையும் நினைவில் கொள்கிறோம்.

மூன்றாவது, கடும் ஆஸ்துமா. உயர்ந்த அளவு இன்ஹேலர் மருந்தைச் சரியான முறையில், தவறாமல் எடுத்தும் அடங்காத நோய் சில குழந்தைகளுக்கே உண்டு. ஆறு வயதுக்கு மேற்பட்ட அத்தகையோருக்கு ஊசி மருந்துகள் வந்துள்ளன. ஓமலிசுமாப் ஐ.ஜி.இ.யைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது; அதன் அளவே உடல் எடையையும் இரத்தத்தின் ஐ.ஜி.இ. அளவையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. மெபோலிசுமாப் ஈசினோஃபில்களை வளர்க்கும் சமிக்ஞையைத் தடுக்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்பதைத் தேர்வதில் ஈசினோஃபில் எண்ணிக்கை 150ஆ, 300ஆ என்பதுகூட முக்கியமாகிறது. இவை விலை மிகுந்தவை. இன்ஹேலரைச் சரியாக எடுக்காத காரணத்தால் அடங்காத ஆஸ்துமாவுக்கு இவற்றை நாடுவது முறையன்று.

வழக்கமான ஆஸ்துமாவில் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கலாமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டிருக்கிறது. 2002இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பெரியவர்களின் சளியில் உள்ள ஈசினோஃபில்களை அளந்து சிகிச்சையை மாற்றியபோது கடும் தாக்குதல்கள் குறைந்தன. பின்னர் லண்டனில் கடும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் அதே முறையைப் பின்பற்றியபோது அத்தகைய தெளிவான பயன் கிட்டவில்லை. சளியிலேயே இவ்வாறெனில், மாதந்தோறும் விரலில் குத்தி இரத்தத்தில் எண்ணுவதால் என்ன கிடைக்கும்?

நாங்கள் கேட்கும் நான்கு கேள்விகள்

ஆறு வயதைக் கடந்த குழந்தையின் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்பதை, கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய நான்கு கேள்விகளால் அறிகிறோம். பகலில் வாரம் இருமுறைக்கு மேல் இளைப்போ இருமலோ வந்ததா? இரவில் ஒருமுறையேனும் ஆஸ்துமாவால் விழித்ததா? உடனடி நிவாரண இன்ஹேலர் வாரம் இருமுறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஓட்டம், விளையாட்டு, மாடிப்படி ஏறுதல் ஆகியவற்றை இளைப்புக்கு அஞ்சிக் குழந்தை தவிர்த்ததா? நான்குக்கும் ‘இல்லை’ எனில், தாளில் ஈசினோஃபில் 12 என்றிருந்தாலும் நாங்கள் மகிழ்ச்சியோடு மருந்தை அப்படியே தொடர்வோம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், தாளில் 3 என்றிருப்பதால் அமைதியடைய மாட்டோம். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் பலர் குழாயில் வேகமாக ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனையையும் நன்றாகவே செய்கின்றனர். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி, மூச்சுக்குழல் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கிறோம். இதற்கு ஊசி தேவையில்லை.

எண்ணைப் பற்றிய இந்தப் பற்றுக்குப் பின்னால் இன்ஹேலர் மீதான அச்சம் மறைந்திருப்பதை உணர்கிறோம். ‘பஃப் பழகிவிட்டால் விட முடியாது’, ‘அது கடைசி மருந்து’ என்ற சொற்களை ஒவ்வொரு நாளும் கேட்கிறோம். இன்ஹேலர் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் அளவில் நேரே மூச்சுக்குழலுக்குச் செல்கிறது; அடிக்கடி வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிரப்போ மில்லிகிராம் அளவில் உடல் முழுவதும் பரவுகிறது. இன்ஹேலருக்குத் தீங்கே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் புடெசொனைடு இன்ஹேலரைச் சில ஆண்டுகள் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்ததில், அவர்களது உயரம் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமா பறிக்கும் தூக்கத்தையும், பள்ளி நாட்களையும், சில வேளைகளில் உயிரையும் எதிரே வைத்து இதனை எடைபோட்டுப் பாருங்கள். கட்டுப்பட்ட பின் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதும் எங்கள் பணியே. ஸ்பேசருடன் எடுத்து, பின்னர் வாய் கொப்பளிக்கச் செய்தால் வாய்ப்புண்ணும் தவிர்க்கப்படும்.

கடும் இளைப்பின்போது எந்த ஆய்வகத் தாளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குதல், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலமாதல், சோர்ந்து துவளுதல், நிவாரண இன்ஹேலர் கொடுத்தும் சீராகாமை ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுத்தபடியே 108 வண்டியை அழைத்து வாருங்கள். இளைப்பின் ஒலி திடீரென நின்றும் குழந்தை தளர்ந்திருந்தால், அது முன்னேற்றமன்று. காற்றே உள்ளே செல்லாத நிலையாக இருக்கலாம்.

வழக்கமான வருகைக்கு வரும்போது பழைய தாள்களைக் கொண்டுவருவதில் தடையில்லை. ஒவ்வொரு தாளின்மீதும், அன்று குழந்தைக்குக் காய்ச்சல் இருந்ததா, முந்தைய ஒரு வாரத்தில் ஸ்டீராய்டு மருந்து ஏதேனும் கொடுக்கப்பட்டதா என்று இரண்டு சொல் எழுதி வைத்தால் எங்களுக்குப் பெரிதும் உதவும். அவற்றோடு, குழந்தை தற்போது பயன்படுத்தும் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் மறவாமல் எடுத்துவாருங்கள். குழந்தை அதனை எவ்வாறு இழுக்கிறது என்பதை நேரில் பார்க்க விரும்புகிறோம்.